கட்டினது தெரியக்கூடாது

ஆவாரம்வெளியில் வண்ணமுத்து என்று ஒரு பச்சோந்தி இருந்தான். அவனை அதுவரை யாரும் பாராட்டியதே இல்லை. பாராட்ட வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டுமே!

இலைமேல் உட்கார்ந்தால் அவன் இலை. பட்டைமேல் உட்கார்ந்தால் பட்டை. ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று அவன் இருந்த கிளையிலேயே முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. "மன்னிச்சுக்கோ" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு அவன் குரலும் அப்படித்தான். இரண்டு முழம் தள்ளி நின்றால் அது பேச்சா, காற்றா என்று புரியாது.

யாராவது அவனைப் பற்றிப் பேசினாலும் ஒன்றைத்தான் பேசுவார்கள்.

"நேரத்துக்கு ஒரு நிறம்! அவனை எப்படி நம்புறது?"

வண்ணமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். யாருக்கும் தெரியாது.

அந்த ஆவாரம்வெளியின் நடுவே பெருந்தடம் போனது. யானைகள் நடந்து நடந்து போட்ட பாதை அது. கோடையில் கீழ்க்காட்டுக் குளம் வற்றிவிட்டால் எல்லா விலங்குகளும் அந்த வழியாகத்தான் மலை ஆற்றுக்குப் போகவேண்டும். வெயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால் இரண்டு நாள் நடை. இடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஒருநாள் செங்கமலம் என்ற யானை ஆவாரம்வெளிக்கு வந்தாள். ஊர்க் கூட்டம் கூடியது. தலைவர் கௌதாரி ஒரு கல்மேல் ஏறி நின்றார். செங்கமலம் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"நாலு கோடைக்கு முன்னாடி, அதோ அந்த உசில மரத்தடியில என் மூத்த பிள்ளை விழுந்துச்சு. நீங்க எல்லாரும் பார்த்தீங்க. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கண்ணை மூடிருச்சு. இப்போ வயித்துல அடுத்தது இருக்கு. மழை முடியுறப்போ பொறக்கும். வர்ற கோடையில அதையும் கூட்டிக்கிட்டு இந்த வழியாத்தான் வரணும். இங்கே ஒரு தங்கல் அமைக்க விடுங்க. குடிக்கத் தண்ணி, ஒதுங்க நிழல். வேற ஒண்ணும் நான் கேக்கல."

முதலில் முயல் எழுந்தது.

"எல்லாம் சரிதான். ஆனா தண்ணி குடிக்க வர்றவங்க தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போவாங்களா? சாணி, சத்தம், சேறு! என் வளை வாசல்ல ஒரு கால் வெச்சா என் கதி என்ன?"

"நம்ம வெளியோட அழகே போயிடும்!" என்றது மயில். "வடக்குத் தடத்துல குரங்குங்க ஒரு தங்கல் போட்டிருக்கே, பார்த்தீங்களா? கண்றாவி!"

மரத்தின் மேலிருந்த கரிச்சான் குருவிக்கு இது போதாதா? எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசுகிற பயல் அவன். தொண்டையைச் செருமிக்கொண்டு குரங்காக மாறினான்.

"வாங்க வாங்க வாங்க! பத்து நிமிஷம் நிக்கும்! இறங்குறவங்க எல்லாம் இறங்கலாம்! பழம் இருக்கு, கிழங்கு இருக்கு, நிழல் இருக்கு! யோவ் கரடி, அங்கே ஒதுங்காதய்யா, பின்னால போ!"

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. செங்கமலம்கூட லேசாகத் தும்பிக்கையை ஆட்டினாள்.

"அமைதி! அமைதி!" என்று கத்தினார் கௌதாரி.

"அமைதி! அமைதி! தீர்மானம் நம்பர் மூணு!" என்றது இன்னொரு கௌதாரிக் குரல், மரத்தின் மேலிருந்து.

"கரிச்சான், இறங்கி வந்தேன்னா தெரியும்!" என்று கௌதாரி ஒரு குதி குதித்தார். பிறகு இறகைச் சரி செய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அந்தம்மா கேக்கிறது நியாயம். தங்கல் அமைக்கலாம். ஆனா இந்த மேய்ச்சல் வெளி இப்போ எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும். அதனால ஒரே ஒரு நிபந்தனை. கட்டினது தெரியக்கூடாது. அவ்வளவுதான்!"

கட்டினது தெரியக்கூடாது!

அந்த இரண்டு சொல்லும் வண்ணமுத்துவின் காதில் தேனாக இறங்கின. தெரியாமல் இருப்பதா? அதில் அவனை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து அவன் செய்துகொண்டிருக்கிற ஒரே வேலை அதுதானே!

"அந்த வேலையை நான் எடுத்துக்கிறேன்" என்றான்.

"யாரு பேசினது?" என்று கௌதாரி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கல்லுமேலதான் இருக்கேன், தலைவரே. உங்க கால் பக்கத்துல."

கௌதாரி துள்ளிக் குதித்தார். கூட்டம் "அடடே!" என்றது. அத்தனை கண்களும் தன்மேல் திரும்பியதை வண்ணமுத்து வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தான். சந்தோஷத்தில் கழுத்து மஞ்சளானது.

செங்கமலம் குனிந்து, தன் பெரிய காதை அவன் பக்கம் கொண்டுவந்தாள்.

"தம்பி, கோடைக்குள்ள முடிச்சிடுவியா?"

"முடிச்சிடுறேன் அக்கா. நீங்க வந்து பார்த்து அசந்து போயிடுவீங்க!"

"அசந்தெல்லாம் போக வேண்டாம்ப்பா" என்றாள் செங்கமலம். "பிள்ளைக்குத் தண்ணி கிடைச்சா போதும்."

வேலை தொடங்கியது. பெருந்தடத்திலிருந்து இருபதடி தள்ளி ஒரு பள்ளம் இருந்தது. அங்கே மண்ணுக்குள் ஊற்று ஓடுவதைப் பன்றிகள் மோப்பம் பிடித்துச் சொன்னன. தோண்டியதும் அவைதான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பத்து யானை நின்று குடிக்கலாம். ஓரத்தில் குட்டிகள் புரள ஒரு சேற்றுக் குட்டை. நிழலுக்கு இரண்டு மருத மரம் முன்பே நின்றது.

பன்றிகள் மண்வெட்டியைக் கீழே போடுவதுபோல மூக்கைத் துடைத்துக்கொண்டன. "முடிஞ்சுது! குளம்னா குளம், இப்படி இருக்கணும்!"

"எங்கே முடிஞ்சுது?" என்றான் வண்ணமுத்து. "இங்கே நின்னு பார்த்தா தண்ணி பளபளன்னு தெரியுதே! கட்டினது தெரியக்கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இல்லையா?"

தூக்கணாங்குருவிகளை வரவழைத்தான். குளத்தைச் சுற்றிக் கோரைப்புல்லில் தட்டி முடையச் சொன்னான். தடத்திலிருந்து பார்த்தால் அது வெறும் புல்மேடு. வாசல் யானை நுழையும் அகலம்தான். ஆனால் நேராக வைக்காமல், ஒரு பெரிய புற்றுக்குப் பின்னால் வளைத்து வைத்தான். வாசலில் ஒரு காலடி பதிந்தாலும், உடனே வாலாலேயே கூட்டி அழித்தான்.

கரிச்சான் வந்து புற்றின்மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு யோசனை. நான் இப்படி வாசல்ல உட்கார்ந்துக்கிறேன். மான் வந்தா மான் குரல்ல கூப்பிடுறேன். யானை வந்தா யானைக் குரல்ல. 'வாங்கக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க'ன்னு. எப்படி?"

"கூப்பிட்டா, இங்கே கட்டினது தெரிஞ்சிடும்லடா!"

"வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா அண்ணே?"

"உனக்கு இந்த வேலையோட நுணுக்கம் புரியாது. போ, போய் யாரையாவது பகடி பண்ணு."

அடுத்த சிக்கல் தவளைகள். புதுத் தண்ணீரைக் கண்டால் அவை சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கல்லில் ஏறிக் கச்சேரி வைத்துவிட்டன. அந்தச் சத்தம் மலைவரை கேட்டது. வண்ணமுத்து நீலமாகிப் போனான்.

"வாயை மூடுங்க! குளத்துல இருக்கணும்னா ஒரு சத்தம் வரக்கூடாது!"

மூடிக்கொண்டனவா என்று சோதித்தும் பார்த்தான். தாமரை இலைபோலப் பச்சையாகிக் கிடப்பான். திடீரென்று, "மழை வருது டோய்!" என்பான். எந்தத் தவளை மகிழ்ச்சியில் கத்துகிறதோ, அது வெளியே. இன்னொரு நாள், "ஐயோ பாம்பு! எல்லாரும் கத்துங்க!" என்பான். கத்திய தவளை வெளியே. பத்து நாளில் தவளைகள் தேறிவிட்டன. வானமே இடிந்து விழுந்தாலும் வாயைத் திறக்கமாட்டோம் என்று கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தன.

"யானைக்கு மூக்கு இருக்கேண்ணே" என்றான் கரிச்சான். "தண்ணி வாசனை அரை நாள் தூரத்துக்குத் தெரியும். அதை என்ன பண்ணுவீங்க?" அவன் கிண்டலாகத்தான் கேட்டான்.

வண்ணமுத்து ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் தட்டி ஓரமெல்லாம் நாய்த்துளசியும் நொச்சியும் வைத்து வளர்த்தான். மழைக்கு அவை புதராக மண்டின. பக்கத்தில் போனால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அந்த நெடியில் தண்ணீர் வாசனை செத்தே போனது.

தலைவர் கௌதாரி பார்வையிட வந்தார். புற்றுக்கு முன்னால் நின்றுகொண்டே, "எங்கேய்யா தங்கல்?" என்று கேட்டார்.

வண்ணமுத்து பதில் சொல்லவில்லை. அவர் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றட்டும் என்று காத்திருந்தான். பிறகுதான் புற்றைச் சுற்றி உள்ளே அழைத்துப் போனான்.

"அடேயப்பா!" கௌதாரியின் கண் விரிந்தது. "இவ்வளவு பெரிய குளமா! வெளியில இருந்து ஒரு துளி தெரியலையே! உன்னை மாதிரி ஆள் இந்த வெளியிலேயே கிடையாதுப்பா!" கிளம்பும்போது ஒரு நொடி நின்றார். "ஆமா, வர்றவங்களுக்கு வழி காட்ட ஆள் போட்டிருக்கேல்ல?"

"எல்லாம் இருக்கு தலைவரே" என்றான் வண்ணமுத்து. அவன் மனம் இன்னும் அந்த 'அடேயப்பா'விலேயே இருந்தது.

கோடை வந்தது. "ஆவாரம்வெளியில் தங்கல் தயார்" என்று காக்கையிடம் கீழ்க்காட்டுக்குச் சேதி அனுப்பினான்.

"வெளியில எந்த இடத்துலன்னு சொல்லட்டும்?" என்று கேட்டது காக்கை.

"அதெல்லாம் சொல்லாதே. வரட்டும். வந்து தேடட்டும். தேடி அலுத்துப்போறப்போ நான் புத்துமேல இருந்து குரல் கொடுப்பேன். 'அக்கா, திரும்பிப் பாருங்க!' அப்போ அவங்க முகத்தைப் பார்க்கணுமே!"

யானைகள் எப்போதும் அந்த வழியை வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கும். பகலில் எங்காவது மரத்தடியில் ஒண்டிக்கொள்ளும். இந்த முறை அப்படி இல்லை. இடையில்தான் தண்ணீர் இருக்கிறதே! வெயில் ஏறுவதற்குள் பாதி வழி போய், தங்கலில் இளைப்பாறலாம் என்று செங்கமலம் விடியும்போதே கிளம்பிவிட்டாள். கூட மூன்று யானைகள். நடுவில் பொம்மி. பிறந்து ஐந்து மாதம் ஆன பெண்குட்டி.

யானைகள் வருவதை வண்ணமுத்து தூரத்திலேயே பார்த்துவிட்டான். கரிச்சான் பக்கத்தில் இருந்தால் உளறிவிடுவானே!

"டேய், மலை ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு பார்த்துட்டு வா."

"இப்பவா? அது எதுக்கு அண்ணே?"

"போன்னா போயேன்!"

கரிச்சான் போய்விட்டான். வண்ணமுத்து புற்றின்மேல் ஏறிச் செம்மண் நிறமானான்.

உச்சி வெயிலில் யானைகள் வந்து சேர்ந்தன. பொம்மி கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

"அம்மா, அந்த மரம் வரைக்கும்னு சொன்னியே. மரம் வந்துடுச்சே. தண்ணி எங்கேம்மா?"

"இங்கேதான் கண்ணு. வந்துட்டோம்."

செங்கமலம் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். ஆவாரஞ்செடி. வலது பக்கம் பார்த்தாள். புல்மேடு, ஒரு புற்று, நொச்சிப் புதர். தும்பிக்கையை உயர்த்தி மோந்தாள். நாய்த்துளசி நெடி மூக்கில் ஏறித் தும்மினாள்.

"தவளைச் சத்தம்கூட இல்லையே" என்றாள் பின்னால் வந்த அவள் தங்கை. "தண்ணி இருந்தா தவளை இல்லாம இருக்குமா அக்கா?"

"இருக்கும்னுதானே சேதி வந்துச்சு."

செங்கமலம் புற்றருகே வந்தாள். அவள் கண் வண்ணமுத்துவுக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது. பார்த்தும் அவனைக் காணவில்லை!

வண்ணமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'யானைக்கே தெரியலையே! யானைக்கே!'

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு முழம்தான். அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று நினைத்தான். பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே!

செங்கமலம் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பொம்மி உசில மரத்தின் கீழ் படுக்கப் போனாள். அதைப் பார்த்ததும் செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்கே படுக்காதே! எழுந்திரு! வேண்டாம் கண்ணு, இந்த மரத்தடியில வேண்டாம்!" குட்டியைத் தும்பிக்கையால் தள்ளி நிமிர்த்தினாள். பிறகு தங்கையிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நம்மளை ஏமாத்திட்டாங்கடி. இங்கே ஒண்ணும் இல்ல. நின்னா இவ தாங்கமாட்டா. நடப்போம்."

நடந்தார்கள். ஐந்தடி. பத்தடி. இருபதடி.

"அக்கா! திரும்பிப் பாருங்க!" என்றான் வண்ணமுத்து.

யாரும் திரும்பவில்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசியது.

"அக்கா! இங்கேதான்! அக்கா!"

அவன் குரல் புற்றைத் தாண்டவில்லை. முப்பதடி. ஐம்பதடி. வண்ணமுத்து குளத்தங்கரைக்கு ஓடினான்.

"கத்துங்க! தவளைகளா, எல்லாரும் கத்துங்க! சீக்கிரம்!"

தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடித்தன. கன்னத்தை இன்னும் இறுக்கி உப்பிக்கொண்டன.

"சோதனை இல்ல! சத்தியமா சோதனை இல்ல! யானைங்க போறாங்க! கத்துங்கடா!"

பெரிய தவளை ஒன்று வாயைத் திறக்காமலே சிரித்தது. போன முறை பாம்பு. இந்த முறை யானை. யாரிடம்?

வண்ணமுத்து பெருந்தடத்தில் இறங்கினான். பச்சோந்தி நடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு எட்டு, யோசித்துப் பின்னால் அரை எட்டு. ஆடி ஆடித்தான் அவனுக்கு நடக்க வரும். அந்த நடையில் யானைகளைத் துரத்தினான்! சிவப்பானான். மஞ்சளானான். வாழ்க்கையில் முதல்முறையாக யார் கண்ணிலாவது பட்டுவிட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த எல்லா நிறமும் ஆகிப் பார்த்தான். ஆனால் யானைகள் எல்லாம் மலையைப் பார்த்து நடந்தன. பின்னால் யார் பார்க்கிறார்கள்?

வெயில் சாயும்போது கரிச்சான் திரும்பி வந்தான். தடத்தின் நடுவே சிவப்பாக ஏதோ துடிப்பதைக் கண்டு இறங்கினான்.

"அண்ணே! என்னாச்சு?"

"போயிட்டாங்க. குடிக்காமலே போயிட்டாங்க. கூப்பிடு. உன் குரல்ல கூப்பிடுடா!"

கரிச்சான் அம்பாகப் பறந்தான். மலையடிப் பாறைகளுக்குப் பக்கத்தில் யானைகள் வட்டமாக நின்றன. நடுவில் பொம்மி படுத்திருந்தாள். கரிச்சான் யானைக் குரலிலேயே பிளிறினான்.

"தண்ணி இருக்கு! வந்த வழியில, புத்துக்குப் பின்னால! நான் காட்டுறேன், வாங்க!"

செங்கமலம் ஓடினாள். யானை அப்படி ஓடி அந்த வெளி பார்த்ததில்லை. தட்டியைச் சுற்றி வரவில்லை. முட்டிப் பிய்த்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். பத்து யானை குடிக்கிற தண்ணீர் நடுவில் ஒரு நொடி அசையாமல் நின்றாள். தான் ஒரு வாய் குடிக்கவில்லை. தும்பிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டு அதே ஓட்டமாகத் திரும்பினாள்.

பொம்மியின் வாயில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. இரண்டு பக்கமும் வழிந்தது. நெற்றியில் ஊற்றினாள். காதில் ஊற்றினாள். தங்கை வந்து மெதுவாகத் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்ணமுத்து அங்கே வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. யானைகள் குட்டியின்மேல் தழைகளைப் போட்டு மூடியிருந்தன. செங்கமலம் அவனைப் பார்க்கவில்லை. அவன்தான் பக்கத்தில் போய் "அக்கா" என்றான்.

செங்கமலம் குனிந்தாள்.

"தம்பி, நேத்து நாங்க அங்கே நின்னப்போ, நீ எங்கே இருந்தே?"

"புத்துமேல."

"எங்களைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பிள்ளை தண்ணி கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

செங்கமலம் இன்னும் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். திட்டுவாள், மிதிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தான். அவள் நிமிர்ந்தாள். மலைப்பக்கம் நடந்தாள். மற்ற மூன்று யானைகளும் பின்னால் போயின.

ஆவாரம்வெளியில் மறுபடி கூட்டம் கூடியது. யாரும் யாரையும் பகடி பண்ணவில்லை.

"என்னைச் சொல்றீங்களே!" என்று வண்ணமுத்து கத்திப் பார்த்தான். "நீங்கதானே சொன்னீங்க, கட்டினது தெரியக்கூடாதுன்னு?"

கௌதாரி கல்மேல் ஏறவில்லை. கீழேயே நின்று பேசினார்.

"கட்டினதுதானேப்பா தெரியக்கூடாதுன்னோம்? யாரோ கட்டி வெச்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்காம, எப்பவும் இங்கேயே இருந்த குளம் மாதிரி இருக்கணும்னு சொன்னோம். குளமே தெரியக்கூடாதுன்னா சொன்னோம்? தானா அமைஞ்ச குளத்தை நாலு ஊர் தாண்டி இருக்கிறவனும் கண்டுபிடிச்சு வருவானே!"

வண்ணமுத்து திரும்பித் தட்டிப் பக்கம் பார்த்தான்.

கௌதாரி தலையைத் தொங்கப் போட்டார். "உன்னை மட்டும் சொல்லி என்ன? வழி காட்ட ஆள் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு நீ சொன்னே. எங்கேன்னு நான் திரும்பிக் கேக்கல. நம்ம வெளி அழகா இருக்கு, அது போதும்னு போயிட்டேன்."

அன்றைக்கே தட்டிகளைப் பிரித்தார்கள். நொச்சியையும் நாய்த்துளசியையும் பன்றிகள் வேரோடு கிளறிப் போட்டன. புற்றைக் கரையான்களிடம் சொல்லி இடம் மாற்ற வைத்தார்கள். நடக்கிற யாருக்கும் தடத்திலிருந்தே தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதனால் ஆவாரம்வெளியின் அழகு குறையவே இல்லை. மருத மரத்து நிழல் தண்ணீரில் விழ, கொக்கு நாலு வந்து நிற்க, அது ரொம்ப காலமாக அங்கேயே இருந்த குளம் போலத்தான் இருந்தது. முயல்கூடத் தன் வளையைக் கரையோரமாக மாற்றிக்கொண்டது.

அடுத்த கோடையில் மான்கள் வந்தன. முள்ளம்பன்றிகள் வந்தன. யானைகள் வரவில்லை. அதற்கடுத்த கோடையிலும் வரவில்லை. மிதிக்கக் கால் இல்லாமல் பெருந்தடத்தின் நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்தது.

வண்ணமுத்து தினமும் கரையில், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கல்லில் உட்கார்ந்திருப்பான். வருகிறவர்களை ஒரே கேள்விதான் கேட்பான். ஒருநாள் கீழ்க்காட்டிலிருந்து வந்த கிழட்டுக் கடமான் ஒன்றிடமும் கேட்டான்.

"ஐயா, வழியில யானைங்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே" என்றது கடமான், வாயில் தண்ணீர் ஒழுக. "இப்பல்லாம் அவங்க இந்தப் பக்கம் வர்றதில்ல. கிழக்கால, கரட்டு மேட்டைச் சுத்திப் போறாங்க. நாலு நாள் நடை."

"குட்டி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. சின்னது. தங்கச்சிக்காரியோடதுன்னு நினைக்கிறேன்."

"அந்த வழியில தண்ணி இருக்குதுங்களா?"

கடமான் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டது.

"அது எனக்குத் தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தது.

பிறருக்கு வேண்டியதைத் தன் பெருமைக்காகச் செய்கிறவன், அவர்கள் தேடி வந்து நிற்கும்போது அதைக் கொடுக்க மறந்துபோவான்.